நாண வேண்டியவர் யார்?

நாணம் பெண்ணுக்கு அணிகலன் என்பர். அணிகலன் எனில், வேண்டும்போது அணியலாம். வேண்டாதபோது கழற்றிப் பெட்டியில் வைக்கலாம். நம் நாட்டுப் பெண்ணின்மீது ஏற்றப்பட்டுள்ள நாணமோ அத்தகையதன்று. அவள் நடை பழகிய நாளிலேயே பூட்டினர். பூட்டிய சாவியை அவளிடம் தரவில்லை. வீட்டிலே மூத்தவரிடம் ஒரு சாவி, வீதியிலே ஊராரிடம் ஒரு சாவி, மணமான பின் கணவனிடம் ஒரு சாவி! எவரெவரோ திறக்கலாம், எவரெவரோ பூட்டலாம். அணிந்திருப்பவளுக்கு மட்டும் அந்த உரிமை இல்லை. இதற்குப் பெயர் அணிகலனாம்! விலங்கு என்று சொன்னால் வெளிப்படையாகிவிடும் என்பதாலே, பொன் முலாம் பூசி, பெயரையும் மாற்றி வைத்தனர்.

அந்த விலங்கு இன்று கல்லூரி வாயிலையும் கடந்து உள்ளே வந்திருக்கிறது. அதுபற்றியே பகுத்தறிவுத் தோழர்களுடன் சிறிது சிந்திக்க விழைகிறோம்.

தேனியிலிருந்து கூடலூர் வரை நீண்டு கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கிலே, விடியற்காலையில் இருவகை ஊர்திகள் புறப்படுகின்றன. ஒன்று, மலையேறும் ஜீப்பு. குமுளி வழியாகவும், கம்பம்மெட்டு வழியாகவும், போடிமெட்டு வழியாகவும் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்லும் பெண்கள், தூக்குச்சட்டியும் கையுமாக அதிலே நெருக்கியடித்து அமர்ந்திருப்பர். மற்றொன்று, சற்றுப் பொறுத்துப் புறப்படும் பேருந்து. உத்தமபாளையத்துக்கும், போடிக்கும், தேனிக்கும், பெரியகுளத்துக்கும் கல்லூரி செல்லும் பெண்கள் அதிலே, புத்தகப் பையும் கையுமாக! ஜீப்பிலே போகிறவள் தாய். பேருந்திலே போகிறவள் மகள். அந்த ஊர்தியிலிருந்து இந்த ஊர்திக்கு ஒரு குடும்பம் வந்து சேர ஒரு தலைமுறை ஆயிற்று என்பதை எண்ணிப் பாருங்கள்!

மேற்கே ஓடி வீணாய்க் கடலில் கலந்த பெரியாற்று நீரை, 1895-ஆம் ஆண்டிலே மலையைக் குடைந்து இப்பள்ளத்தாக்கின் பக்கம் திருப்பினர், வயல் விளைந்தது. நீரைத் திருப்பியது போலவே அறிவையும் இப்பக்கம் திருப்பினர் நல்லோர். உத்தமபாளையத்தில் 1956-ல் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி எழுந்தது. பெரியகுளத்தில் 1971-ல் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி எழுந்தது. பின்னர் இன்னும் பல எழுந்தன. அரசுப் பள்ளியிலே பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்ணுக்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் தரும் திட்டம் 2022-ல் தொடங்கப்பட்டபோது, அதற்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரைச் சூட்டினர். பொட்டுக்கட்டும் கொடுமையை எதிர்த்து வாழ்நாள் முழுவதும் போரிட்டவர் அவர். பெண்ணின் உடல் பிறருடைய உடைமையன்று என்பதை ஊரூராய்ச் சென்று முழங்கியவரின் பெயராலே, ஒரு பெண் கல்லூரிக்குச் செல்கிறாள். பொருத்தமான பெயர்! ஆனால், அந்தப் பாடம் கல்லூரிக்குள்ளே நடக்கிறதா என்று கேட்கிறோம்.

பேருந்திலே ஒருவன் இடித்து நிற்கிறான். நகர்ந்தால் அவனும் நகர்கிறான். வழியிலே மூவர் நின்று அவள் உடம்பைப் பற்றிப் பேசிச் சிரிக்கின்றனர். மூத்த மாணவன் ஒருவன் கைப்பேசியிலே ஆபாசப் படம் அனுப்புகிறான், "ஏன் பதில் இல்லை?" என்று மிரட்டவும் செய்கிறான். ஆசிரியர் ஒருவர், அகமதிப்பீட்டு மதிப்பெண்ணைப் பற்றிப் பேசவேண்டும், தனியாக வா என்கிறார். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று கேட்கவேண்டா. எந்த ஊரிலும் நடக்கக்கூடியது; எந்த ஊராரும் "எங்கள் ஊரில் இல்லை" என்று சொல்லக்கூடியது.

அவள் என்ன செய்கிறாள்? வாய் திறப்பதில்லை. கோழையா? இல்லை! கணக்குத் தெரிந்தவள். வீட்டிலே சொன்னால் தந்தை என்ன சொல்வார் என்பதை அவள் அறிவாள். "அவன் யார்? அழைத்து வா, கேட்போம்" என்று சொல்லும் தந்தையர் உண்டு, ஆனால் "படித்தது போதும், இனி வீட்டோடு இரு" என்று சொல்லும் தந்தையரே மிகுதி. அடுத்த திங்களில் மாப்பிள்ளை பார்ப்பர். குற்றம் செய்தவன் தேர்வு எழுதுவான், பட்டம் பெறுவான். குற்றத்துக்கு ஆளானவள் பாதியில் நிற்பாள். எனவே அவள் பொறுத்துக்கொள்கிறாள். கல்லூரியிலே கட்டணம் இரண்டு. ஒன்றுக்கு ரசீது தருகின்றனர்; மற்றொன்று, வாய்மூடி இருப்பதென்னும் கட்டணம்; அதற்கு ரசீது இல்லை. ஆணுக்கு ஒரு கட்டணம், பெண்ணுக்கு இரு கட்டணம்! இதுவா சமநீதி?

இங்கேதான் அறம் பற்றிய கேள்வி எழுகிறது. தீங்கு செய்தவன் ஒருவன், வெட்கப்படுகிறவள் வேறொருத்தி. திருடியவன் நிமிர்ந்து நடக்க, பறிகொடுத்தவன் தலைகுனிந்து நடக்கும் ஊர் எங்கேனும் உண்டா? பணம் களவு போனால் இல்லை. மாடு களவு போனால் இல்லை. பெண்ணின் அமைதி களவு போனால் மட்டும் உண்டு! ஏன்?

குறளை மக்களிடம் கொண்டு செல்ல 1949-லேயே மாநாடு கூட்டிய இயக்கம் நம்முடையது. அக்குறளிலே நாணுடைமை என்றோர் அதிகாரம் உண்டு. அதன் முதற்பாட்டிலேயே வள்ளுவர் ஒரு பாகுபாடு செய்து விடுகிறார். தகாத செயலுக்கு அஞ்சிக் கூசுவதே நாணம். மங்கையரின் இயல்பான கூச்சம் வேறு வகை என்று பிரித்து நிறுத்துகிறார். அறநூலின் நாணம் செயலைச் சார்ந்தது, பாலைச் சார்ந்ததன்று. எவர் தகாததைச் செய்தாரோ அவரே நாணவேண்டும். இந்தத் தெளிவை விட்டுவிட்டு, செயலுக்குரிய நாணத்தை உடம்பின்மீது ஏற்றி, அந்த உடம்பும் பெண்ணுடம்பாகவே இருக்கவேண்டும் என்று விதித்தது எது? கற்பு என்ற சொல்லை ஒருபாலுக்கு மட்டும் உரிமையாக்கிய அதே சூழ்ச்சி! "பெண் ஏன் அடிமையானாள்?" என்ற நூலைப் பெரியார் அச்சொல்லின் ஆராய்ச்சியிலிருந்தே தொடங்கினார் என்பதைத் தோழர்கள் அறிவர். அடிமைத்தனம் முதலில் சொல்லிலே குடியேறுகிறது. பின்னரே வீட்டிலும் வீதியிலும் குடியேறுகிறது.

சொல் இருந்தும் கெடுப்பது ஒருவகை. சொல்லே இல்லாமற் கெடுப்பது மற்றொருவகை. அமெரிக்க நாட்டிலே கார்னெல் பல்கலைக்கழகத்தில் கார்மிட்டா வுட் என்றோர் ஊழியர் இருந்தார். மேலாளராயிருந்த ஒரு பேராசிரியரின் தொல்லை தாளாமல் வேலையை விட்டார். வேலையிழந்தோர் உதவித்தொகை கேட்டபோது, "ஏன் விலகினீர்?" என்றனர். சொல்ல ஒரு சொல் இல்லை. "சொந்தக் காரணம்" என்று எழுதிக்கொண்டு, தொகை இல்லை என்று மறுத்தனர். 1975-ஆம் ஆண்டிலே அங்கிருந்த பெண்கள் கூடிப் பேசினர். ஒருத்திக்கு நடந்ததென்று எண்ணியிருந்தது எல்லோருக்கும் நடந்திருக்கக் கண்டனர். அந்தக் கூட்டத்திலிருந்தே பாலியல் துன்புறுத்தல் என்ற பெயர் பிறந்தது. மிராண்டா ஃப்ரிக்கர் என்ற ஆங்கில மெய்யியலறிஞர், 2007-ல் எழுதிய நூலிலே இதை எடுத்துக்காட்டி, தன் துன்பத்தைப் புரிந்துகொள்ளத் தேவையான சொல்லையே சமுதாயம் ஒருவர்க்குத் தராமலிருப்பதும் ஓர் அநீதியே என்று விளக்குகிறார். பெயரில்லாத நோய்க்கு மருந்து கேட்க முடியுமா?

நம் நாட்டிலே பெயர் இருந்தது. ஆனால் என்ன பெயர்! "ஈவ் டீசிங்" என்றனர். ஏதேன் தோட்டத்து ஏவாளைக் கேலி செய்கிறார்களாம்! கேலியாம், கிண்டலாம், சீண்டலாம்! 1998-ஆம் ஆண்டில் சென்னை எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா, ஆட்டோவில் வந்த இளைஞர்களின் அத்தகைய "விளையாட்டு" ஒன்றிலே கீழே விழுந்து தலையில் அடிபட்டு மாண்டார். நாடு அதிர்ந்தது. அதே ஆண்டில் தமிழக அரசு தனிச் சட்டம் செய்தது. ஆனால் சட்டத்தின் தலைப்பிலேயும் அந்தக் கேலிச்சொல்லே நின்றது! உயிரைக் குடித்த செயலுக்குச் சட்டப் புத்தகத்தில்கூட விளையாட்டுப் பெயர்! 2002-ல்தான் அது பெண்களுக்குத் தொல்லை தருவதைத் தடுக்கும் சட்டம் என்று பெயர் மாற்றம் பெற்றது. ஒரு பெயரைத் திருத்த நான்காண்டு ஆயிற்றென்றால், மனத்தைத் திருத்த எத்தனை ஆண்டு ஆகும்?

எது துன்புறுத்தல்? தோழர்களில் சிலர் உண்மையாகவே இக்கேள்வியைக் கேட்கின்றனர். விடை கடினமன்று. தொடுதலும் நெருங்குதலும், பாலியல் இணக்கம் கேட்பதும், பாலியல் பேச்சும், ஆபாசப் படம் காட்டுவதும், சொல்லாலோ செய்கையாலோ பார்வையாலோ அத்தகைய பிற நடத்தையும் என ஐந்து வகையாக 2013-ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துரைக்கிறது. இந்த ஐந்தையும் கோக்கும் நூல் ஒன்றே: எதிரிலிருப்பவரின் விருப்பமின்மை. செய்தவன் என்ன எண்ணினான் என்பதிலிருந்து தொடங்காமல், ஏற்க நேர்ந்தவர் விரும்பினாரா என்பதிலிருந்து தொடங்குகிறது சட்டம். "விளையாட்டாகச் சொன்னேன்" என்பது விடையாகாது. விளையாட்டு என்றால் இருவரும் சேர்ந்து ஆடவேண்டும். ஒருவர் ஆட, மற்றவர் அழுவது விளையாட்டன்று.

"அவள் மறுக்கவில்லையே!" என்பாரும் உளர். மறுக்கும் நிலையில் அவள் இருந்தாளா என்று கேட்கவேண்டும். மதிப்பெண் ஒருவர் கையில், மதிப்பெண் வாங்கவேண்டியவள் மற்றொருத்தி. அந்த இருவருக்கிடையே ஒரு மேசை மட்டும் இல்லை, அதிகாரம் கிடக்கிறது. பண்ணையார் கேட்டதற்குக் கூலியாள் "சரி" என்றால், அது சம்மதம் என்று நம் இயக்கம் என்றேனும் ஒப்பியதுண்டா? வயலிலே ஒப்பாததை வகுப்பறையிலே மட்டும் எப்படி ஒப்புவது?

இதை விளக்க வெகுதொலைவு போகவேண்டா. தேனி மாவட்டக் கல்லூரிகளைத் தன் எல்லைக்குள் கொண்டது மதுரை காமராசர் பல்கலைக்கழகம். அதே பல்கலைக்கழகத்தோடு இணைந்தது அருப்புக்கோட்டை தேவாங்கர் கலைக்கல்லூரி. 2018-ஆம் ஆண்டில், அக்கல்லூரியின் கணிதத்துறை உதவிப் பேராசிரியை நிர்மலா தேவி, மாணவியர் நால்வரிடம் தொலைபேசியில் பேசினார். பல்கலைக்கழகத்து உயர் அதிகாரிகளுக்கு இணங்கிப் போனால் மதிப்பெண்ணும் பணமும் கிட்டும் என்ற பேச்சு அது. மாணவியர் இணங்கவில்லை. கல்லூரியிடம் புகார் செய்தனர். மார்ச்சுத் திங்களில் அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஆனால் காவல்துறை அவரைக் கைது செய்தது எப்போது? ஏப்ரலில் ஒலிப்பதிவு நாடெங்கும் பரவிய பின்னர்! திருவில்லிபுத்தூர் மகளிர் நீதிமன்றம் 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. உடன் குற்றஞ்சாட்டப்பட்ட ஆடவர் இருவரை விடுவித்தது.

இந்த வழக்கு நமக்குக் கற்பிப்பவை மூன்று. ஒன்று: இங்கே வலை வீசியவர் ஒரு பெண். எனவே இது ஆணுக்கும் பெண்ணுக்கும் நடக்கும் போர் என்று எண்ணுவது பிழை. அதிகாரம் உடையவருக்கும் இல்லாதவருக்கும் இடையே உள்ள வழக்கு இது. இரண்டு: தூண்டிலில் மாட்டிய இரை மதிப்பெண்ணும் பணமும். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த ஏழைப் பெண்ணுக்கு எது மிகத் தேவையோ, அதையே இரையாக்கினர். மூன்று: மாணவியர் நால்வர் ஒன்றாக மறுத்தனர்; ஒன்றாகப் புகார் செய்தனர். தனியாளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே நெஞ்சம் நடுங்குகிறது.

பல்கலைக்கழகத்துப் படித்த பெண்ணுக்கே இந்நிலை. ஆனால் இன்று அவளுக்குத் துணை நிற்கும் சட்டம் எங்கிருந்து வந்தது? படித்தவர் மன்றத்திலிருந்தன்று, இராசத்தான் சிற்றூர் ஒன்றிலிருந்து! பன்வாரி தேவி, சாதியடுக்கிலே கீழே தள்ளப்பட்ட ஓர் ஏழைப் பெண். அரசின் மகளிர் நலத் திட்டத்தில் ஊழியர். குழந்தை மணத்தைத் தடுக்க முயன்றார். அதற்குப் பழிவாங்க, 1992-ல் ஆதிக்கச் சாதியார் அவரைக் கூட்டாகச் சிதைத்தனர். உயர்சாதியார் தாழ்ந்த சாதிப் பெண்ணைத் தீண்டுவார்களா என்ற வாதம் 1995-ல் நீதிமன்றத்திலேயே ஏற்கப்பட்டது. குற்றச்சாட்டிலிருந்து அவர்கள் விடுதலை பெற்றனர். தொட்டால் தீட்டு என்ற மடமை, தொட்ட குற்றத்தை மறைக்கும் திரையும் ஆயிற்று! வருணாசிரமத்தின் கைத்திறனைப் பாருங்கள்! ஆனால் பெண்கள் அமைப்புகள் ஓயவில்லை. விசாகா வழக்கு என்ற பெயரில் உச்சநீதிமன்றம் சென்றனர். 1997-ல் பணியிடந்தோறும் புகார்க் குழு வேண்டும் என்ற நெறிமுறை பிறந்தது. 2013-ல் அது சட்டமாயிற்று. பல்கலைக்கழக மானியக் குழு அதைக் கல்லூரிகளுக்கென விதிகளாக்கி, 2016-ல் அரசிதழில் வெளியிட்டது. குழந்தைகளுக்காகக் குரல் கொடுத்த ஓர் உழைக்கும் பெண் பட்ட துன்பத்தின் விளைவு, கம்பத்துக் கல்லூரி மாணவியின் கைக்கு வந்திருக்கிறது. அதை அவள் அறிவாளா? அறிவித்தோமா?

அறிவிப்போம். ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருந்தாகவேண்டும். தலைவர் மூத்த பெண் ஆசிரியராக இருக்கவேண்டும்; உறுப்பினரில் பாதிப்பேரேனும் பெண்களாக இருக்கவேண்டும்; வெளியிலிருந்து ஒருவர் வேண்டும்; மாணவர் தொடர்பான வழக்கெனில் மாணவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவப் பேராளர் மூவர் அமரவேண்டும். துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர் போன்ற ஆட்சிப் பொறுப்பினர் அதில் இடம்பெறலாகாது. புகாரை மூன்று திங்களுக்குள் எழுத்தில் தரவேண்டும். தக்க காரணம் இருப்பின் மேலும் மூன்று திங்கள் நீட்டலாம். விசாரணை 90 நாட்களுக்குள் முடியவேண்டும். அதுவரை குற்றஞ்சாட்டப்பட்டவர் அந்த மாணவியின் விடைத்தாளைத் திருத்தாதவாறு தடுக்கவும் குழு பரிந்துரைக்கலாம். ஆண் மாணவர்க்கும் மூன்றாம் பாலினத்தார்க்கும் இவ்விதிகளின் காப்பு உண்டு. குற்றவியல் வழியிலே செல்ல விரும்பினால் காவல்நிலையக் கதவும் திறந்தே இருக்கிறது. ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்று அடைபடாது. மகளிர் உதவிக்கு 181 என்ற எண் உண்டு. நடந்ததை அன்றே நாளும் நேரமும் இட்டு எழுதி வைத்தலும், வந்த செய்திகளை அழிக்காமல் காத்தலும், நம்பிக்கைக்குரிய ஒருவரிடமேனும் சொல்லி வைத்தலும் பின்னர் பெருந்துணையாகும்.

இவ்வளவும் சொன்னவுடன், "பொய்ப் புகார் வந்தால்?" என்று கேட்பர். கேட்கட்டும், பகுத்தறிவாளன் எந்தக் கேள்விக்கும் அஞ்சுவதில்லை. பொய்ப் புகார் வரலாம். எந்தக் குற்றத்தைப் பற்றியும் பொய்யாகப் புகார் செய்யமுடியும். களவுப் புகாரில் பொய் உண்டென்பதற்காகக் காவல்நிலையத்தை மூடுகிறோமா? குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் புகாரின் படி தரவேண்டும், பத்து நாட்களுக்குள் விடையளிக்க வாய்ப்புத் தரவேண்டும், சான்று கேட்கவேண்டும் என்று விதி சொல்கிறது. தெரிந்தே பொய் சொன்னால் நடவடிக்கையும் உண்டு. ஆனால் மெய்ப்பிக்க இயலாமை வேறு, பொய் வேறு என்பதையும் சட்டம் தெளிவாக்கியிருக்கிறது. தனியறையில் நடந்ததற்குச் சாட்சி எங்கே கிடைக்கும்? விசாரணையை வேண்டுகிறவள் பெண்; விசாரணைக்கு முன்பே "பொய்" என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் மற்றவர்கள். இவ்விருவரில் நீதியின் பக்கம் நிற்பவர் யார் என்பதைத் தோழர்களே கூறட்டும்.

இன்னொரு சாரார் இருக்கின்றனர், நல்லவர்கள், கனிவுடையவர்கள். "பெண்பிள்ளைகளைக் காக்கத்தானே சொல்கிறோம்! மாலை ஆறு மணிக்குள் விடுதிக்கு வரட்டும், இந்த உடை உடுத்தட்டும், ஆண்களோடு பேசாதிருக்கட்டும்" என்பர். வழியிலே நாய் கடிக்கிறதென்றால், நாயைக் கட்டுவோமா, நடப்பவரைக் கட்டுவோமா? 1907-ல் முத்துலட்சுமி புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர வந்தபோது, ஒரு பெண் வந்தால் ஆண் மாணவரின் மனம் கெடும் என்று எதிர்த்தனர். மன்னர் இடங்கொடுத்தார். அவரோ மருத்துவரானார், சட்டமன்றம் புகுந்தார், தேவதாசி முறை ஒழியப் போராடினார். அன்று அந்த எதிர்ப்பு வென்றிருந்தால் நட்டம் யாருக்கு? ஆண் மனம் கெடுமென்றால் ஆண் மனத்துக்கன்றோ மருந்து தேவை! பெண்ணின் பாதுகாப்பைக் காரணங்காட்டி, விடுதியில் ஆணுக்கில்லாத கட்டுப்பாட்டைப் பெண்ணுக்கு விதிக்கலாகாது என்று மேற்சொன்ன மானியக் குழு விதிகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எத்தனை விடுதிகளில் அதைப் படித்திருக்கின்றனர்?

2024-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே ஒரு மாணவி வன்கொடுமைக்கு ஆளானார். துணிந்து புகார் செய்தார். அவர் யார் என்று காட்டும் முதல் தகவல் அறிக்கையே வெளியில் கசிந்தது! சென்னை உயர்நீதிமன்றம் அவ்வறிக்கையின் நடையையே கண்டித்தது; அம்மாணவிக்கு 25 இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர ஆணையிட்டது. குற்றவாளிக்கு 2025 ஜூனில், 30 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை கிடைத்தது. ஐந்து திங்கள் சற்றுக் கடந்ததும் நீதி வந்தது, பாராட்டுவோம். ஆனால் "அந்நேரத்தில் அவளுக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்ட வாய்களுக்கு எந்த நீதிமன்றம் தண்டனை தரும்? அது நம் வேலை.

நம் வேலை என்றோம். வீட்டிலிருந்து தொடங்குவோம். தங்கை ஒருத்தி வந்து சொன்னால், அண்ணனின் முதற்சொல் எதுவாக இருக்கவேண்டும்? "நீ ஏன் அங்கே போனாய்?" என்பதன்று, "படிப்பை நிறுத்தமாட்டோம்" என்பதே! அந்த ஒரு சொல்லுறுதி கிடைத்தால் பாதி வாய்கள் திறந்துவிடும். அரிவாள் எடுத்துக்கொண்டு கிளம்பும் அண்ணனும் அவளுக்கு உதவுகிறவனல்லன். அவளுக்கு நேர்ந்த தீங்கைக் குடும்ப மானமாகவும் சாதி மானமாகவும் ஆக்கி, அவளை மறந்துவிடுகிறான் அவன். அதன்பின் அடுத்த பெண் வாய் திறப்பாளா?

பேருந்திலே பார்த்துக்கொண்டு நிற்பவருக்கும் பொறுப்பு உண்டு. 1999-ல் தென்காசிப் பேருந்து நிலையத்தில் நடந்த ஒரு தொல்லை பற்றிய வழக்கிலே, 2012-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பேருந்துக்குள்ளே ஒரு பெண் முறையிட்டால் ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை அருகிலுள்ள காவல்நிலையத்துக்கே கொண்டு செல்லவேண்டும் என்று நெறி வகுத்தது. தேனிக்கும் கூடலூருக்கும் இடையே ஓடும் பேருந்துகளில் இதை அறிந்த நடத்துநர் எத்தனை பேர், பயணியர் எத்தனை பேர்? கேட்டுப் பார்க்கும் வேலையை இளைஞர் மன்றங்கள் மேற்கொள்ளலாமே!

எல்லாவற்றிலும் கடினமான சோதனை ஒன்று உண்டு. குற்றஞ்சாட்டப்பட்டவர் நம்மவராயிருந்தால்? மேடையிலே பெண்ணுரிமை பேசுபவர், நம் படிப்பகத்தை நடத்துபவர், நம்மோடு சிறை புகுந்தவர் ஆயின்? "இயக்கத்துக்கு இழுக்கு, வெளியில் தெரியவேண்டாம்" என்று சொல்ல நாக்கு துடிக்கும். மடத்தின் பெயர் கெடுமென்று சாமியாரின் தீச்செயலை மறைத்தவர்களை எத்தனை மேடையிலே சாடினோம்! அதே சொல்லை நாம் சொன்னால், மடத்துக்கும் மன்றத்துக்கும் என்ன வேற்றுமை? சான்று கேட்போம், விசாரிப்போம், அவர் தரப்பையும் கேட்போம். ஆனால் மூடி மறைக்கமாட்டோம். நண்பன் என்பதற்காக ஆராயாமல் நம்புவதும் ஒரு மூடநம்பிக்கையே.

பிரான்சு நாட்டிலே ஜிசேல் பெலிக்கோ என்ற முதியவர், கணவனே மயக்கமருந்து தந்து பலருக்குத் தன்னை இரையாக்கியதை அறிந்தார். 2024-ல் அவிஞ்ஞோன் நகரில் வழக்கு நடந்தபோது, பெயரை மறைத்துக்கொள்ளும் உரிமை இருந்தும் அதை வேண்டாமென்றார். கதவுகளைத் திறந்து வைத்தே வழக்கை நடத்தச் சொன்னார். வெட்கம் என்னுடையதன்று, அவர்களுடையது என்று உலகறியக் காட்டினார். 51 ஆடவர் தண்டிக்கப்பட்டனர். எல்லாப் பெண்களும் அவ்வாறு முகங்காட்டவேண்டும் என்று நாம் கேட்கவில்லை; பெயரை மறைத்துக்கொள்வது அவர்களுக்குச் சட்டம் தந்த உரிமை. நாம் கேட்பது, அவர்கள் மறைந்து வாழவேண்டிய நிலையை உண்டாக்கிய நம்மிடம்!

ஆகவே தோழர்களே, வேலை எளியது. ஆனால் உடனே செய்யவேண்டியது. உங்கள் கல்லூரியில் புகார்க் குழு இருக்கிறதா, அதன் உறுப்பினர் பெயரும் தொடர்பு எண்ணும் சுவரில் எழுதப்பட்டிருக்கிறதா, மாணவப் பேராளர் தேர்தல் நடந்ததா என்று இந்த வாரமே கேளுங்கள். இல்லையெனில் முதல்வருக்கு எழுதுங்கள். விடை வராவிடில் பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள். உங்கள் மன்றத்திலும் அத்தகைய குழு ஒன்றை அமையுங்கள். தோட்டத்து ஜீப்பிலே போகும் தாய், தன் மகளைப் பேருந்தில் ஏற்றிவிட்டது, அவள் தலைகுனிந்து திரும்பி வருவதற்கன்று. அவள் நிமிர்ந்து நடக்கட்டும். குனியவேண்டிய தலை எதுவோ, அது குனியட்டும்!